அரை-மூடிய ரீபிரீதரைக் கையால் இயக்கும் முழு-மூடிய கருவியாக மாற்றுதல்: மலையக நீர்த்தேக்கங்களுக்கான முழுமையான வழிகாட்டி

ரீபிரீதர் என்பது வெளிவிட்ட மூச்சிலிருந்து காபனீரொட்சைட்டை நீக்கி, ஒட்சிசன் சேர்த்து, மறுபடி மூச்செடுக்கத் தரும் சுழியோடிக் கருவி. அதன் அரை-மூடிய வகையில் நொசில் என்னும் சிறு துளை ஓயாமல் நைட்ரொக்ஸை (ஒட்சிசன் கூட்டிய வளியை) விட்டுக்கொண்டே இருக்கும். சுழியோடி கொஞ்ச நேரம் கவனிக்காவிட்டாலும் மூச்சுச் சுற்றில் (மூச்சு சுற்றிவரும் குழாய்களிலும் பையிலும்) ஒட்சிசன் இருக்கும். கையால் இயக்கும் முழு-மூடிய கருவியில் அந்தப் பொறுப்பு முழுவதும் சுழியோடியின் கண்ணுக்கும் விரலுக்கும் வந்துவிடுகிறது. ஆகவே வேலையை இந்த ஒழுங்கில் செய்யுங்கள்: முதலில் ஒட்சிசனை அளக்கும் செல்களும் அந்த அளவைக் காட்டும் காட்சித்திரைகளும், அடுத்து டிலுவென்ட் (ஒட்சிசனோடு கலந்து சுற்றை நிரப்பும் வாயு), கடைசியில்தான் ஒட்சிசன். புதியவர்கள் பெரும்பாலும் ஒட்சிசன் வால்வை வாங்கிப் பூட்டுவதில் தொடங்குகிறார்கள். அளந்து பார்க்க வழியில்லாத கருவிக்குள் தூய ஒட்சிசனை விடுவதுதான் அதன் பொருள்.

இது முழு-மூடிய ரீபிரீதரில் முறையாகப் பயிற்சி பெற்றவர்களுக்கானது. பயிற்சி இல்லாதவர் இதைப் படித்துவிட்டு நீரில் இறங்கக் கூடாது. ஒட்சிசன் குறையும்போது மூச்சுத் திணறாது, எச்சரிக்கையாக எதுவும் தெரியாது, நினைவு மட்டும் போய்விடும்.

1. தொடங்குமுன் கையில் இருக்கவேண்டியவை

மாறா ஓட்டத்தில் இயங்கும் அரை-மூடிய கருவி ஒன்று, அதன் தயாரிப்பாளர் கையேட்டுடன். டிரேகர் டொல்ஃபின் போன்றவையே பெரும்பாலும் மாற்றத்துக்கு எடுக்கப்படுகின்றன. கீழே உள்ள நொசில் எண்கள் அதற்கு உரியவை.

ஒட்சிசன் செல்கள் மூன்று, ஒன்றையொன்று சாராத காட்சித்திரைகள் இரண்டு, ஒட்சிசனுக்குத் தனி ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் (சிலிண்டரின் உயர் அமுக்கத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர்), ஒட்சிசனைச் சிறிதளவாக ஓயாமல் விட நிலையான துளை அல்லது பூட்டிவைக்கக்கூடிய ஊசி வால்வு, அதற்கு முன்னால் பொருத்தும் சிறு வடிகட்டி, கையால் அழுத்தும் பொத்தான்கள் இரண்டு, 2 லீற்றர் சிலிண்டர்கள் இரண்டு. இவற்றோடு, கருவியைச் சாராமல் மூச்செடுத்து மேலே வரத் தனியான பெய்ல் அவுட் சிலிண்டரும் ரெகுலேட்டரும்.

ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் தரும் இடைநிலை அமுக்கத்தை அளக்கும் மானி, மில்லிவோல்ட் மீற்றர், பாரோமீற்றர் மூன்றும் வேண்டும். பாரோமீற்றர் எதற்கு என்று கேட்பவர்கள் அடுத்த பகுதியைத் தாண்டிப் போகவேண்டாம்.

மலையக நீர்த்தேக்கங்கள் மின்சாரத்துக்காகவும் பாசனத்துக்காகவும் இயங்குபவை. நீர் உள்வாங்கும் வாயில்கள் எப்போது திறக்கும் என்று கரையில் நிற்பவருக்குத் தெரியாது. அணையை நிர்வகிப்பவர்களின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் இறங்காதீர்கள்.

2. உங்கள் நீர்த்தேக்கத்தின் அமுக்கத்தை எழுதி வையுங்கள்

கையேடுகளில் உள்ள எண்கள் எல்லாம் கடல் மட்டத்துக்கு உரியவை. இங்கே அவை அப்படியே பொருந்தாது.

விக்டோரியா நிரம்பியிருக்கும்போது நீர்மட்டம் சுமார் 438 மீற்றர். வளி அமுக்கம் ஏறக்குறைய 0.96 பார். கொத்மலை 703 மீற்றர், 0.93 பார். காசல்ரீ சுமார் 1,095 மீற்றர், 0.89 பார். மவுசாகலை 1,170 மீற்றரை ஒட்டியது, 0.88 பார். நுவரெலியா நகரம் 1,868 மீற்றர், 0.81 பார். வானிலையோடு இவை சற்றே மாறும் என்பதால் அன்றன்று பாரோமீற்றரைப் பார்த்து எழுதுங்கள். கைபேசியில் வானிலைச் செய்தி காட்டும் அமுக்கத்தை எடுக்காதீர்கள். அது கடல் மட்டத்துக்குத் திருத்திய எண். மஸ்கெலியாவில் நின்று பார்த்தாலும் 1,010 என்றே காட்டும்.

நன்னீரில் 10.2 மீற்றருக்கு ஒரு பார் கூடும். காசல்ரீயில் 20 மீற்றர் ஆழத்தில் மொத்த அமுக்கம் 0.89 + 1.96, அதாவது 2.85 பார்.

3. செல்களைப் பொருத்துதல்

மூன்று செல்களும் ஸ்க்ரபருக்கு (சோடா சுண்ணாம்பால் காபனீரொட்சைட்டை நீக்கும் கலனுக்கு) பின்னால், மூச்சை உள்ளிழுக்கும் பக்கத்தில் இருக்கவேண்டும். நுரையீரலுக்குப் போகும் வாயு எதுவோ அதைத்தான் அளக்கவேண்டும். செல்லின் முகத்தில் நீர் தங்காதபடி சாய்த்துப் பொருத்துங்கள். மலையக நீர் குளிர்ந்தது. சுண்ணாம்பிலிருந்து வரும் சூடான ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் பட்டவுடன் துளியாகிறது. அந்தத் துளி செல்லின் முகத்தை மூடினால், சுற்றில் ஒட்சிசன் மாறினாலும் எண் அசையாமல் நிற்கும்.

மூன்று செல்லும் ஒரே பெட்டியில் ஒரே நாளில் வாங்கியவையாக இருந்தால் ஒன்றாகவே தளர்ந்துபோகும். ஒவ்வொன்றையும் வெவ்வேறு மாதத்தில் மாற்றுங்கள். தயாரித்த திகதியிலிருந்து ஒன்று, ஒன்றரை வருடத்துக்கு மேல் எதையும் வைத்திருக்காதீர்கள்.

செல்லைச் சோதிக்கும்போது புதியவர்கள் இடறும் இடம் இது. கொழும்பில் வளியில் 10 மில்லிவோல்ட் காட்டிய செல், காசல்ரீக் கரையில் 8.8 அளவில்தான் காட்டும். செல் பழுது இல்லை, வளியே மெலிந்திருக்கிறது. பார்க்கவேண்டியது விகிதத்தை: தூய ஒட்சிசனில் வரும் மில்லிவோல்ட், வளியில் வந்ததைப்போல 4.78 மடங்கு இருக்கவேண்டும். இந்த விகிதம் எந்த உயரத்திலும் மாறாது. 8.8 காட்டிய செல் தூய ஒட்சிசனில் 42 அளவுக்கு வரவேண்டும். 38இல் நின்றால் அதைக் குப்பையில் போடுங்கள்.

4. முதலில் அரை-மூடிய கருவியாகவே ஓட்டிப் பாருங்கள்

பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். எங்கள் கருத்தில் மாற்றத்தின் மிகப் பயனுள்ள பகுதி இதுதான். செல்களைப் பொருத்திய கருவியில் வேறெதையும் தொடாமல், பழைய நொசிலோடும் நைட்ரொக்ஸோடும் ஆழமில்லாத இடத்தில் இறங்குங்கள்.

40 சதவீத நைட்ரொக்ஸுக்கான நொசில் நிமிடத்துக்கு 10.4 லீற்றர் விடும். அமைதியாக நீந்தும்போது உடல் 1 லீற்றர் ஒட்சிசனை எடுத்தால் சுற்றில் 34 சதவீதம் மிஞ்சும். கடுமையாக உழைத்து 2 லீற்றர் எடுத்தால் 26 சதவீதம். காசல்ரீயில் 10 மீற்றரில் அமைதியான நீச்சலுக்கு ஒட்சிசனின் பகுதியமுக்கம் (மொத்த அமுக்கத்தில் ஒட்சிசனின் பங்கு) திரையில் 0.63 பார் அளவில் தெரியவேண்டும். தெரிந்தால் செல்களும் வயர்களும் சரி. இரண்டு உதைக்கு எண் எவ்வளவு விழுகிறது, நின்றால் எவ்வளவில் எழுகிறது என்பதும், நொசில் இன்னும் காவலுக்கு இருக்கும்போதே கண்ணுக்குப் பழகிவிடும்.

5. டிலுவென்ட் பக்கம்

மலையக நீர்த்தேக்கங்களில் 30 மீற்றருக்கு உட்பட்ட இறக்கங்களுக்கு வளியே போதுமான டிலுவென்ட். முன்பு நைட்ரொக்ஸ் இருந்த சிலிண்டரும் அதன் ஃபர்ஸ்ட் ஸ்டேஜும் இப்போது இதற்கு.

மூச்சுப்பை சுருங்கினால் தானாகத் திறக்கும் பழைய பைபாஸ் வால்வை அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது எந்த இடைநிலை அமுக்கத்துக்குச் செய்யப்பட்டது என்று கையேட்டில் பாருங்கள். மாறா ஓட்டக் கருவிகளின் ரெகுலேட்டர், சாதாரணச் சுழியோடி ரெகுலேட்டரை விட அதிக அமுக்கத்தில் இயங்கும். 9 பார் தரும் ரெகுலேட்டரை மாட்டினால் வால்வு தயங்கித் திறக்கும். இறங்கும்போது மூச்சு முட்டும்.

பழைய நொசிலைக் கழற்றி அதன் வாயை அடைப்பு ஆணியால் மூடுங்கள். கழற்றிய நொசில் மேசையில் கிடக்கவேண்டாம், தனிப் பெட்டியில் போட்டு வையுங்கள். மறதியாக அதைத் தூய ஒட்சிசனில் பூட்டினால் என்ன நடக்கும் என்று கணக்குப் போடுங்கள். ஆகச் சிறிய நொசில் நிமிடத்துக்கு 5.8 லீற்றர் விடும். உடல் எடுப்பது 1 லீற்றர். சுற்றில் நுரையீரலோடு சேர்த்து 7 லீற்றர் இருந்தால் பகுதியமுக்கம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 0.7 பார் ஏறும். 1.0இல் இருந்தவர் ஒரு நிமிடத்துக்குள் 1.6ஐத் தாண்டிவிடுவார். வலிப்புக்கு அது போதும்.

கையால் டிலுவென்ட் விடும் பொத்தான் இடப்பக்கம், ஒட்சிசன் பொத்தான் வலப்பக்கம். இரண்டும் தொட்டவுடன் வேறுபட்டுத் தெரியவேண்டும். சேறு கலங்கிய நீரில் நிறம் உதவாது.

6. ஒட்சிசன் படும் பாகங்களைச் சுத்தம் செய்தல்

உயர் அமுக்க ஒட்சிசனில் எண்ணெய்ப் பசை தீப்பிடிக்கும். வாகனம் திருத்தும் கராஜ் மேசையில் இந்த வேலையைச் செய்யாதீர்கள். மண்ணெண்ணெய் அடுப்பு உள்ள குசினியும் வேண்டாம்.

ஒவ்வொரு பாகத்தையும் முழுவதும் பிரித்து, சவர்க்காரத் திரவமும் சுடுநீரும் கொண்டு கழுவி, சுத்தமான நீரில் அலசி, எண்ணெய் கலக்காத காற்றால் உலர்த்துங்கள். பழைய சிலிக்கோன் கிரீஸ் ஒரு பொட்டும் மிஞ்சக் கூடாது. ஓ-ரிங்குகளை ஒட்சிசனுக்கு ஏற்றவையாக மாற்றி, ஒட்சிசனுக்கென்றே விற்கப்படும் கிரீஸை மட்டும் மெல்லிய படலமாகப் பூசுங்கள். டைட்டேனியம் பாகம் எதுவும் ஒட்சிசன் வழியில் இருக்கக் கூடாது. கால் திருப்பில் முழுதாகத் திறக்கும் போல் வால்வும் உயர் அமுக்கப் பக்கத்தில் வேண்டாம். திடீரென நெருங்கும் வாயு சூடாகி, அந்தச் சூடே தீயைத் தொடக்கும். சிலிண்டர் வால்வையும் எப்போதும் மெதுவாகத் திறவுங்கள்.

7. ஒட்சிசன் ஃபர்ஸ்ட் ஸ்டேஜும் துளையும்

இந்த ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் ஆழத்தை உணரக் கூடாது. டயஃப்ரம் வகையில் வெளி அமுக்கம் நுழையும் அறையை மூடியால் அடைத்துவிடுங்கள். அடைக்காவிட்டால் இடைநிலை அமுக்கம் ஆழத்தோடு ஏறும், ஓட்டமும் ஏறும். 10 பாரில் சரிசெய்த ரெகுலேட்டர் 30 மீற்றரில் 27 சதவீதம் கூடுதலாக விடும், நிமிடத்துக்கு 0.7 லீற்றர் 0.89 ஆகிவிடும். அமைதியாக நிற்கும் சுழியோடிக்கு அது மிகை.

அடைத்ததற்கு ஒரு விலை உண்டு. துளையின் முன் உள்ள அமுக்கம் பின்னுள்ளதைப்போல 1.9 மடங்குக்குக் குறையாத வரைதான் ஓட்டம் மாறாமல் இருக்கும். 10 பாரில் அது காசல்ரீயில் ஏறக்குறைய 50 மீற்றர் வரை போதும். கைப் பொத்தானின் வேகமும் ஆழத்தில் தளரும். இந்த ரெகுலேட்டரில் வாயில் வைக்கும் செகண்ட் ஸ்டேஜ் எதையும் மாட்டவேண்டாம்.

ஒட்சிசன் ஸ்க்ரபருக்கு முன்னால், மூச்சை வெளிவிடும் பக்கத்தில் நுழையட்டும். சுண்ணாம்பைக் கடந்து வருவதற்குள் அது நன்றாகக் கலந்துவிடும். செல்லின் பக்கத்திலேயே நுழைந்தால் திரை ஏறி இறங்கிக் குதிக்கும், உண்மை தெரியாது.

துளைக்கு முன்னுள்ள வடிகட்டியை விட்டுவிடாதீர்கள். தலைமுடியை விட மெல்லிய துகள் துளையை அடைத்தால் ஓட்டம் சத்தமில்லாமல் நின்றுவிடும்.

8. ஓட்டத்தைப் போத்தலால் அளத்தல்

ஓட்டம், மெல்ல நீந்தும் உடலின் தேவைக்குச் சற்றுக் குறைவாக இருக்கவேண்டும். ஓய்வில் உடல் நிமிடத்துக்கு 0.3 லீற்றர் அளவும், மெல்ல நீந்துகையில் 0.8 முதல் 1 லீற்றர் வரையும் எடுக்கும். 0.7 நல்ல தொடக்கம். மீதியைக் கையால் விடுவீர்கள்.

அளப்பதற்கு வாளி நீரும் சரியாக 1 லீற்றர் குறித்த போத்தலும் போதும். போத்தலை நீரால் நிரப்பிக் கவிழ்த்துப் பிடித்து, ஒட்சிசன் குழாயின் நுனியை வாய்க்குள் விடுங்கள். நீர் கோட்டுக்கு இறங்கும்வரை செக்கன்களை எண்ணுங்கள். உள்ளே நீர்மட்டமும் வாளி நீர்மட்டமும் சமமாக நிற்கும்படி முடிக்கவேண்டும். இல்லாவிட்டால் அளவு பிசகும்.

கடல் மட்டத்தில் 0.7 லீற்றர் ஓட்டம் போத்தலை 86 செக்கனில் நிரப்பும். காசல்ரீயில் அதே ஓட்டம் 76 செக்கனில் நிரப்பும், ஏனெனில் அதே ஒட்சிசன் மெலிந்த வளியில் அதிக இடம் பிடிக்கும். இது தெரியாமல் இங்கே 86 செக்கனுக்கு வால்வைத் திருகியவர், உண்மையில் 0.62 லீற்றரோடு நீரில் இறங்குகிறார்.

9. கழிவு வால்வு

அரை-மூடிய கருவியின் கழிவு வால்வு சில மூச்சுக்கு ஒருமுறை திறக்கும்படி இளகலாக இருக்கும். அதை இறுக்குங்கள், ஆனால் முழுவதும் அடைக்காதீர்கள். மேலே வரும்போது விரியும் வாயு நுரையீரலைத் தாக்குமுன் அது திறந்தே ஆகவேண்டும்.

10. சுண்ணாம்பு

சோடா சுண்ணாம்பை ஒவ்வொரு படையாகக் கொட்டி, கலனைப் பக்கவாட்டில் தட்டித் தட்டி இறங்கவிட்டு நிரப்புங்கள். கையால் அமுக்கி நொறுக்காதீர்கள். தூள் மூச்சில் வரும். நிரப்பியபின் அசைத்தால் சலசலப்புக் கேட்கக் கூடாது. கேட்டால் உள்ளே வழி விழுந்திருக்கிறது, காபனீரொட்சைட்டு அந்த வழியே தப்பி வரும்.

சுண்ணாம்பு வேலைசெய்ய ஈரம் தேவை. கலனின் மூடியை நன்றாக அடைத்து வையுங்கள். பாவித்த சுண்ணாம்பின் நிறம் ஓய்வுக்குப் பின் பழையபடி திரும்பிவிடும். அதை நம்பி மீண்டும் பாவிக்காதீர்கள். குளிர்ந்த நீரில் அது சீக்கிரம் தளரும் என்பதால் கையேட்டு நேரத்தைக் குறைத்தே எடுங்கள்.

வாய்க்குழாயின் இரு ஒருவழி வால்வுகளையும் ஒவ்வொரு முறையும் சோதியுங்கள். ஒரு பக்கத்தைப் பிடித்து மறுபக்கம் ஊதி உறிஞ்சிப் பார்த்தால் தெரியும். ஒன்று மடங்கியிருந்தாலும் வெளிவிட்ட மூச்சே திரும்ப உள்ளே வரும். புதிய சுண்ணாம்பும் காப்பாற்றாது.

11. கசிவுச் சோதனையும் அளவுத்திருத்தமும்

மூச்சுச் சுற்றை உறிஞ்சிச் சுருக்கிச் சில நிமிடம் விடுங்கள், சுருக்கம் அப்படியே நிற்கவேண்டும். பிறகு ஊதிப் பெருக்கி நீர்த்தொட்டியில் அமிழ்த்தி குமிழி பாருங்கள். உறிஞ்சும் சோதனைதான் முக்கியம். நீர் உள்ளே வரும் வழியை அதுவே காட்டும்.

அடுத்து தூய ஒட்சிசனால் சுற்றை முழுவதும் கழுவி, திரையில் அளவுத்திருத்தம். காசல்ரீயில் தூய ஒட்சிசன் என்றால் 0.89, 1.0 அல்ல. 1.0 என்று பதிந்தால் திரை காட்டும் ஒவ்வொரு எண்ணும் ஏறக்குறைய 13 சதவீதம் பொய்யாகக் கூடும். 1.30 என்று நம்பிப் போகும் இறக்கத்தில் உண்மை 1.15தான், சுழியோடிக் கணினி உங்களுக்குக் குறைவான டிகம்ப்ரஷன் நேரமே (உடலில் கரைந்த வாயு வெளியேற, ஏறும் வழியில் நிற்கும் நேரம்) சொல்லும். 0.18க்கு இறங்கியதைத் திரை 0.20 என்று காட்டும். பாரோமீற்றர் உள்ள திரைகள் தாமாகவே திருத்தும். அப்படியானால் நீங்கள் மறுபடி திருத்தவேண்டாம்.

எதிர்மாறான பிழையும் உண்டு. கொழும்பில் சரியாகத் திருத்திய திரை இங்கே வளியில் 0.19 காட்டும். அது சரி. அதை 0.21 ஆக்க முயலாதீர்கள்.

இறுதியாக, மூக்கை அடைத்து உட்கார்ந்தபடி ஐந்து நிமிடம் கருவியில் மூச்செடுங்கள், கண் திரையில் இருக்கட்டும். ஒட்சிசன் வருவதை இது உறுதிப்படுத்தும். சுண்ணாம்பு நன்றாக இருக்கிறது என்பதற்கு இதைச் சான்றாக எடுக்காதீர்கள்.

12. முதல் இறக்கம்

7 லீற்றர் சுற்றில், உடல் 1 லீற்றர் எடுத்து ஒட்சிசன் எதுவும் வராமல் நின்றால் பகுதியமுக்கம் நிமிடத்துக்கு 0.14 பார் விழும். ஆழம் எதுவானாலும் இதே வேகம்தான். 1.2இல் தொடங்கினால் 0.2க்கு விழ ஏழு நிமிடம். கடுமையாக உழைத்தால் அதில் பாதி. ஆகவே நிமிடத்துக்கு ஒருமுறை திரையைப் பாருங்கள். ஆழத்தை மாற்றுமுன்னும் மாற்றியபின்னும் பாருங்கள்.

மேலே வரும் வேளைதான் ஆபத்து. காசல்ரீயில் 20 மீற்றரில் 0.7 வைத்திருந்தவர் ஒட்சிசன் விடாமல் ஏறினால், அமுக்கம் குறைவதாலேயே மேற்பரப்பில் 0.22 ஆகும், ஏறும் நேரத்தில் உடல் எடுப்பதைக் கழித்தால் இன்னும் கீழே. ஏறத் தொடங்குமுன் ஒட்சிசன் விடுங்கள், ஒவ்வொரு சில மீற்றருக்கும் மறுபடி விடுங்கள்.

செல்கள் முரண்பட்டால் டிலுவென்டால் சுற்றைக் கழுவுங்கள். காசல்ரீயில் 20 மீற்றரில் வளி 0.60 காட்டவேண்டும், காட்டாத செல் பொய் சொல்கிறது. ஆனால் மேற்பரப்பில் இப்படிக் கழுவிவிட்டு நீந்தாதீர்கள். அங்கே உங்களிடம் இருப்பது 0.19 மட்டுமே. எது சரி என்று ஒரு கணம் குழம்பினாலும் பெய்ல் அவுட்டுக்கு மாறுங்கள். யோசனையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

மவுசாகலையில் நீர் வற்றும்போது தலைகாட்டும் பழைய மஸ்கெலியாவின் கட்டடங்களைப் பார்க்கத்தான் பலருக்கு ஆசை. அடியில் மெல்லிய சேறு. குமிழி இல்லாததால் அது குறைவாகவே கலங்கும் என்பது உண்மை. ஆனாலும் பழகாத கருவியோடு சுவர்களுக்கும் மீன்வலைகளுக்கும் நடுவே போகவேண்டாம். முதல் இறக்கங்கள் 6 முதல் 10 மீற்றர் வரை, மேலே நேராக வெளிச்சம் தெரியும் இடத்தில் நடக்கட்டும்.

13. மலைப்பாதையில் வீடு திரும்புதல்

கணினியை நன்னீருக்கும் உயரத்துக்கும் மாற்றினீர்களா என்று இறங்குமுன் பாருங்கள். கொழும்பிலிருந்து ஏறி வந்தவரின் உடலில் கீழ்நாட்டு நைதரசன் மிச்சம் இருக்கும். வந்த அன்றே இறங்காமல் 12 மணித்தியாலம் தங்குங்கள்.

இறங்கியபின் எந்தப் பாதையில் போகிறீர்கள் என்பதும் திட்டத்தின் பகுதி. காசல்ரீயிலிருந்து ஹட்டன் வழியாகக் கீழே போனாலும் முதலில் ஏறத்தான் வேண்டும். விக்டோரியாவில் சுழியோடிவிட்டு அன்றே நுவரெலியாவுக்கு ஏறுபவர் 1,400 மீற்றருக்கு மேல் ஏறுகிறார், வளி அமுக்கம் 16 சதவீதம் குறைகிறது. திருகோணமலைக் கடலில் இறங்கிவிட்டு மலைக்குத் திரும்புபவருக்கு ஏற்றம் இன்னும் பெரிது. விமானத்துக்குச் சொல்லப்படும் இடைவெளியை இங்கும் கடைப்பிடியுங்கள்: டிகம்ப்ரஷன் தேவைப்படாத ஒரே இறக்கத்துக்கு 12 மணித்தியாலம், பல இறக்கங்களுக்கு 18. விக்டோரியாவில் இறங்கினால் அந்த இரவைத் தெல்தெனியவிலோ கண்டியிலோ கழித்து, மறுநாள் பிற்பகலில் நுவரெலியாவுக்கு ஏறுங்கள்.